மாமனார் வரும் வாரத்தில் சிவப்பு வைன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பாளையங்கோட்டையிலிருந்து வந்து ஆறு வருடமாகப் பெங்களூர் கம்மனஹள்ளியில் இருக்கிறோம். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்களை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார். யெல்லோ ரைஸ், கோஃப்தா கறி, பன்றி விந்தாலு, கடைசியில் பிளம் கேக். நாங்களும் வருடா வருடம் அதே ஸ்வீட் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அவர் வீட்டில் சாப்பாட்டோடு வைன் உண்டு என்பதால், இந்த முறை ஒரு நல்ல சிவப்பு வைன் கொண்டுபோகலாம் என்று ஆசை. 31ஆம் தேதி ராத்திரி எங்கள் வீட்டில் எட்டுப் பேருக்கு மட்டன் பிரியாணி. அதற்கும் வேண்டும். கடைக்குப் போனேன். "டிரையா, ஸ்வீட்டா மேடம்?" என்று கேட்டார். பதில் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். விலை கூடினால் தரம் கூடுமா? வெளிநாட்டுச் சரக்குதான் நல்லதா? சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? இன்னொரு சங்கடம்: அந்த வாரம் என் மாமனார் ஊரிலிருந்து வருகிறார். திருச்சபையில் கமிட்டி மெம்பர், குடிக்காதவர். மேசையில் பாட்டில் இருக்கலாமா?

கே., கம்மனஹள்ளி

அன்புள்ள கே.,

யவனர் கொண்டுவந்த தேறலில் தொடங்கி அரிக்கமேடு வழியாக வருவேன் என்று எதிர்பார்த்திருந்தால் மன்னியுங்கள். எனக்கு வைன் அறிமுகமானது பெங்களூர் மர்ஃபி டவுனில், எங்கள் தெருமுனை ஆங்கிலோ இந்திய ஆன்ட்டியின் சமையலறையில். நவம்பர் பிறந்ததும் ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து பெங்களூர் ப்ளூ திராட்சை நாலு கிலோ வரும். அதை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்து, பெரிய ஊறுகாய் ஜாடியில் போட்டு, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை கிராம்பு எல்லாம் சேர்த்து, வாயை மல்துணியால் கட்டிவிடுவார். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மரக்கரண்டியால் கிளறுவது என் வேலை. துணியை அவிழ்க்கும் முன் ஜாடியில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே யாரோ ரகசியம் பேசுவதுபோல ஒரு சலசலப்பு இருக்கும். 21 நாள் கழித்து வடிகட்டி, பழைய ரம் பாட்டில்களில் ஊற்றி, தெருவுக்கே ஆளுக்கொன்று கொடுப்பார். தித்திப்பாக, திராட்சை மிட்டாய் மணத்தோடு இருக்கும்.

அதுதான் வைன் என்று நினைத்து வளர்ந்தவள் நான். வேலைக்குப் போன பிறகு ஆபீஸ் விருந்து ஒன்றில் முதல்முறையாகக் கடை வைனை வாயில் வைத்தபோது, கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். உங்கள் கடைக்காரர் கேட்டது இந்த வித்தியாசத்தைத்தான். டிரை என்றால் திராட்சையின் சர்க்கரையை எல்லாம் ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டது, இனிப்பு மிச்சமில்லை என்று பொருள். ஸ்வீட் என்றால் ஆன்ட்டி ஜாடி வகை, அல்லது கோவா போர்ட் வகை. சாப்பாட்டோடு குடிக்க டிரை என்று சொல்லுங்கள். முதல் கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

அடுத்ததாகக் கடைக்காரர்கள் 'டானின்' என்பார்கள், இங்கிலீஷ் புத்தகங்கள் அதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதும். நமக்கு அது தேவையே இல்லை. அறுசுவையில் துவர்ப்பு என்று ஒன்றைத் தனியாகவே எண்ணி வைத்திருக்கிறோம். நீங்கள் வாழைப்பூ ஆய்ந்திருப்பீர்கள், பாக்கு மென்றிருப்பீர்கள், மாதுளை உரிக்கும்போது தோலைக் கடித்திருப்பீர்கள். நாக்கும் ஈறும் காய்ந்து இழுத்துப் பிடிக்கிறதே, அதுதான் டானின். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. சிவப்பு வைனைத் தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால் நிறமும் துவர்ப்பும் ஒன்றாக இறங்குகின்றன. வெள்ளை வைனில் தோலை முன்பே நீக்கிவிடுவார்கள். எனவே சிவப்பு வைன் தேர்ந்தெடுப்பது என்பது பெருமளவு எவ்வளவு துவர்ப்பு வேண்டும் என்று முடிவு செய்வதுதான். கபெர்னே சவீன்யோன் என்ற திராட்சை வகை அதிகம் துவர்க்கும். ஷிராஸ் நடுத்தரம். மெர்லோ பொதுவாக மென்மை. சாஞ்சியோவேசே என்ற இத்தாலிய வகை துவர்ப்போடு நல்ல புளிப்பும் உள்ளது.

கொழுப்பும் புரதமும் துவர்ப்பைப் பிடித்து அடக்கும். அதனால்தான் ஆட்டுக்கறிக்கு சிவப்பு என்கிறார்கள். மிளகாய் எதிர்வேலை செய்யும். காரம் ஏறிய நாக்கில் துவர்ப்பு முரட்டுத்தனமாகத் தெரியும், ஆல்கஹால் காரத்தை இன்னும் எரிய வைக்கும். ஒருமுறை நாட்டுக்கோழி வறுவலோடு, விலை கொடுத்து வாங்கிய கபெர்னேயைத் திறந்தேன். விருந்தாளிகள் இரண்டு வாய்க்குப் பிறகு மோர் இருக்கிறதா என்று கேட்டார்கள். அன்றுமுதல் காரச் சாப்பாட்டுக்கு பாட்டில் எடுக்கும்போது லேபிளில் ஆல்கஹால் அளவைப் பார்க்கிறேன். 14 சதவீதம் என்றால் திரும்ப வைத்துவிடுவேன். 12.5, 13 போதும்.

உங்கள் 31ஆம் தேதி பிரியாணிக்கு மெர்லோ, இல்லையென்றால் மரப்பீப்பாயில் கிடக்காத இளம் ஷிராஸ். 'ரிசர்வ்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பீப்பாய் வாசனை ஏறியிருக்கும். பிரியாணியின் பட்டை ஏலக்காயோடு அது மல்லுக்கட்டும், வேண்டாம். பக்கத்தில் மட்டன் மிளகு வறுவல் செய்கிறீர்கள் என்றால் ஷிராஸ்தான், யோசிக்கவே வேண்டாம். மிளகுக்கு மிளகு மணத்தைத் தரும் ரொடண்டோன் என்ற பொருள் ஷிராஸ் திராட்சையிலும் இருக்கிறது என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்கு முன்பே குடித்தவர்கள் "மிளகு வாசம் வருகிறதே" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். தக்காளியும் புளியும் தூக்கலான குழம்புக்கு சாஞ்சியோவேசே. புளிப்புக்குப் புளிப்பு ஈடு கொடுக்காவிட்டால் வைன் சப்பென்று ஆகிவிடும். மகாராஷ்டிரத்தின் அக்லூஜில் ஃபிராடெல்லியும், நம் ஹம்பிப் பக்கம் கிருஷ்மாவும் அந்தத் திராட்சையில் வைன் செய்கிறார்கள். மீன் குழம்புக்கு சிவப்பை விட்டுவிடுங்கள். இரும்புக் கரண்டியை நக்கியதுபோல இருக்கும்.

கேக் வந்ததும் டம்ளரைத் தள்ளி வையுங்கள். இனிப்புக்குப் பின் டிரை வைன் காடிபோலப் புளிக்கும். கேக்குக்கு ஆன்ட்டி ஜாடி வைன்தான் சரி. அந்தப் பழைய ஆட்கள் காரணம் சொல்லத் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள்.

விலை. வெளிநாட்டு வைனுக்கு நம் நாட்டில் பல ஆண்டுகளாக இறக்குமதி வரியே 150 சதவீதமாக இருந்தது. 2022 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் ஆஸ்திரேலிய வைனுக்குக் கொஞ்சம் குறைந்தது. அதன்மேல் மாநில ஆயத்தீர்வை வேறு. ஆக, இங்கே நீங்கள் 1,500 ரூபாய் கொடுக்கும் வெளிநாட்டு பாட்டில் அதன் ஊரில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத சரக்காக இருக்கும். அதே பணத்துக்கு உள்ளூர் வைனில் மேல்தட்டுச் சரக்கு கிடைக்கும். பெயரில் வீசும் பிரெஞ்சு மணத்தில் மயங்க வேண்டாம்.

வீட்டுக்காரம்மாவுக்கு என்ன கொடுப்பது என்றால், நான் நந்தி மலை அடிவாரத்து குரோவர் லா ரிசர்வ் கொடுப்பேன். 1988இல் கன்வல் குரோவர் தொடங்கிய தோட்டம். பிரான்சின் வைன் நிபுணர் மிஷேல் ரோலான் ஆலோசனை சொன்ன இடம். கபெர்னேயும் ஷிராஸும் கலந்தது, பீப்பாயில் இருந்தது. மேலே ரிசர்வ் வேண்டாம் என்றவள் இங்கே ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பரிசு பாட்டில் அன்றைய சாப்பாட்டுக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தம்மா விந்தாலுவுக்கு என்ன ஊற்றுவது என்று முன்பே முடிவு செய்து வைத்திருப்பார். உங்களுடையதை வாங்கி அலமாரியில் வைத்தால் முகம் வாட வேண்டாம். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஸ்டோடு திறப்பார். "இன்றைக்கே குடிக்கலாம் ஆன்ட்டி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அவர் மேசையில் நாம் கை வைப்பது.

கடையைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரில் 'வைன் ஸ்டோர்' என்று போர்டு போட்ட கடைகளில் விஸ்கியும் ரம்மும் முன்னால் நிற்கும், வைன் கீழ்த்தட்டில் தூசியோடு இருக்கும். தூசியால் கெடுதல் இல்லை. வெயில்தான் எமன். சென்ற வருடம் ஒரு கடையில் கண்ணாடி ஜன்னலோரம் அலங்காரமாக நிறுத்தி வைத்திருந்த பாட்டிலை வாங்கி வந்தேன். மேல்தாளைக் கிழித்தால் கார்க் கழுத்துக்கு மேல் அரை விரற்கடை எழும்பி நின்றது. ஊற்றினால் வேகவைத்த திராட்சை வாசனை. நல்லவேளை, அது என் வீட்டுக்கு, பரிசுக்கு அல்ல. வாங்கும்போது பாட்டில் வாயில் கட்டை விரலை ஓட்டிப் பாருங்கள், மேடு தட்டினால் வேறு கேளுங்கள். லேபிளில் வருடத்தையும் பாருங்கள். நம் ஊர்த் திராட்சை அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. பெரும்பாலான இந்திய சிவப்பு வைன்கள் இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிக்கத்தான் செய்யப்படுகின்றன. எட்டு வருடம் பழசு என்று கடைக்காரர் பெருமையாக எடுத்துக் காட்டினால், விற்காமல் கிடந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். திருகுமூடி போட்டது மட்டம் என்பதும் கதை. கார்க் திறப்பான் இல்லாத வீட்டுக்கு அதுதான் உத்தமம். எங்கள் வீட்டில் ஒருமுறை கரண்டிக் காம்பால் கார்க்கை உள்ளே தள்ளி, காபி வடிகட்டியில் வடித்துக் குடித்தோம்.

சிவப்பு வைனை அறைச் சூட்டில் ஊற்று என்பது ஐரோப்பிய அறையை நினைத்துச் சொன்னது. 16, 18 டிகிரி. எட்டுப் பேரும் பிரியாணி தம்மும் சேர்ந்த உங்கள் ஹால் டிசம்பரிலும் அப்படி இருக்காது. ஊற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு பாட்டில் 750 மில்லி, ஐந்து பேருக்கு வரும். மூன்று பாட்டில் போதும். எட்டில் இரண்டு பேராவது வண்டி ஓட்ட வேண்டியவர்கள்.

இதயத்துக்கு நல்லதா என்றால், அந்தப் பேச்சை நம்பி யாரும் தொடங்க வேண்டாம். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ருசிக்காக ஒரு கிளாஸ் என்றால் ருசிக்காகத்தான், மருந்து என்று பெயர் வைக்கக்கூடாது.

இனி மாமனார். ஒளித்து வைக்காதீர்கள். பீரோவுக்குள் இருந்து 'டங்' என்று சத்தம் கேட்கும்போதுதான் அசிங்கம். வருவதற்கு முன்பே உங்கள் கணவரை விட்டு ஃபோனில் சொல்லச் சொல்லுங்கள். திராட்சரசம் என்ற சொல்லே தமிழருக்கு அவருடைய வேதத்திலிருந்துதான் பழக்கம், அது ஒன்றும் அவர் கேள்விப்படாத பொருள் இல்லை. குடிக்காமல் இருப்பது அவர் எடுத்த முடிவு, அதற்கு மரியாதை கொடுத்தால் போதும். திருவிருந்துக்குப் புளிக்காத சாறு வேண்டும் என்று 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் டாக்டர் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் நிறுத்தும் வழி கண்டார். அவர் எடுத்தது கான்கார்ட் திராட்சை. நம் பெங்களூர் ப்ளூவும் அதே அமெரிக்கக் காட்டுத் திராட்சை வம்சம்தான். கையில் நசுக்கினால் தோல் தனியாக, சதை தனியாக வழுக்கிக்கொண்டு வருமே, அது அந்த வம்சத்தின் அடையாளம்.

ஆகவே 30ஆம் தேதி ஹாப்காம்ஸ் பழக்கடையில் ஒரு கிலோ பெங்களூர் ப்ளூ வாங்குங்கள். கழுவி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, தோல் வெடிக்கும்வரை சிறு தீயில் வையுங்கள். மத்தால் லேசாக மசித்து, துணியில் வடித்து, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் எல்லோருக்கும் வைத்த அதே கண்ணாடி கிளாஸில் மாமனாருக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஊற்றுங்கள். மேசையில் நிறம் ஒன்றாக இருக்கும். அவசரமென்று மிக்ஸியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், விதை அரைபட்டால் துவர்த்துவிடும்.