வாயே வரலன்னா இம்ப்ரோ எதுக்குக்கா?

கேள்வி: வணக்கம்க்கா, நான் பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில லைன் லீடர். போன மாசம் டீம் பில்டிங்னு பத்து ஃபெரிங்கி பீச்சுக்கு கூட்டிட்டு போனாங்க, அங்க ஒரு டிரெய்னர் ஸ்கிரிப்ட் இல்லாம நடிங்கன்னு இம்ப்ரோ கேம்ஸ் வச்சாரு. ரெண்டு பேர் ஜோக் அடிச்சு கலக்குனாங்க, மத்தவங்க எல்லாம் மரமா நின்னோம், எனக்கு வாயே வரல. என் டீம்ல மலாய்க்காரங்க, சீனர், நேபாளத்துக்காரங்க, நம்மாளுங்கன்னு எல்லாரும் இருக்காங்க. இதால வேலைக்கு ஏதாச்சும் பிரயோஜனம் இருக்கா, இல்ல எச்.ஆர். காசு செலவு பண்ற வழியா?

பதில்: தம்பி, எனக்கு கோவம் அந்த டிரெய்னர் மேலதான். காமெடி பண்ணணும்னு நினைக்க வச்சிட்டா வாயாடிங்க ரெண்டு பேர் இடத்த புடிச்சிக்குவாங்க, மத்தவங்க வேடிக்கை பார்ப்பாங்க, அவ்ளோதான். இது ஆரம்பிச்சது காமெடிக்கே இல்ல. 1930கள்ல சிகாகோவுல வயோலா ஸ்போலின்னு ஒரு அம்மா, வேற வேற நாட்டுலேர்ந்து வந்து குடியேறுன குடும்பத்து பிள்ளைங்க, ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்கு சரியா வராத பிள்ளைங்க, அவங்க சேர்ந்து விளையாடத்தான் இந்த மாதிரி கேம்ஸ உருவாக்குனாங்க. 1959ல செகண்ட் சிட்டின்னு காமெடிக்கு பேர் போன தியேட்டர ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் அவங்க மகன் பால் சில்ஸ், அதெல்லாம் பின்னாடி வந்த கதை. அதனால உங்கள மாதிரி கலந்து கட்டுன டீமுக்குத்தான் இது நல்லாவே பொருந்தும்.

கண்ணாடி கேம் ஒன்னு இருக்கு, வாயே தேவையில்ல. ரெண்டு ரெண்டு பேரா எதிரெதிரா நில்லுங்க, ஒருத்தர் கைய மெதுவா அசைக்கணும், இன்னொருத்தர் அப்படியே செய்யணும், அப்புறம் மாத்திக்கணும், கடைசில யாருமே லீட் பண்ணாம ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்தே நகரணும். வேகமா ஆட்டி எதிராளிய மாட்டிவிட பார்க்கறவன் எப்பவும் ஒருத்தன் இருப்பான். எதிர்ல இருக்கறவரால பின்தொடர முடியலன்னா தப்பு லீட் பண்றவர் மேலதான்னு முதல்லயே சொல்லிடுங்க, லைன் லீடரும் அத காதுல வாங்கிக்கலாம் 😄

அடுத்தது ஆளுக்கு ஒரு வார்த்தையா கதை சொல்றது. மலாய்லயே பண்ணுங்க, எல்லாருக்கும் வரும். ஒருத்தர் "செமாலாம்", அடுத்தவர் "மெசின்", அடுத்தவர் "தீகா", நேபாளத்து தம்பி "பாத்தோக்". நேத்து மூணாம் நம்பர் மெஷின் இருமுச்சாம்! யாரும் ஜோக் அடிக்கல, ஆனா எல்லாரும் சிரிப்பாங்க. லண்டன் ராயல் கோர்ட் தியேட்டர்ல இருந்துட்டு பிறகு கனடாவுக்கு போன இம்ப்ரோ வாத்தியார் கீத் ஜான்ஸ்டன் நடிகர்களுக்கு சொன்னதே இதான், புத்திசாலித்தனமா எதையும் தேடாத, சட்டுன்னு தோணுற சாதாரணத்த சொல்லு. நீங்க வாய் வரலன்னு நின்னதும் நல்லதா ஒன்னு தேடிக்கிட்டு இருந்ததாலதான் இருக்கும்.

இம்ப்ரோல எதிர்ல இருக்கறவர் சொன்னத தட்டிவிடாம ஏத்துக்கிட்டு, அது மேல ஒன்ன சேர்க்கணும். வேலைல இது எங்க உதவும்னா, புதுசா வந்தவர் "டிரேய இடது பக்கம் வைக்கலாமே"ன்னு சொல்றப்ப. "அதெல்லாம் முன்னாடியே பார்த்தாச்சு லா"ன்னா அந்த ஆள் இனிமே வாயே திறக்க மாட்டாரு. "சரி, வைக்கலாம், அப்ப ட்ராலிய எங்க நிறுத்தலாம்?"னு கேளுங்க, யோசனை ஓட்டையா இருந்தா அந்த இடத்துலயே அவருக்கே தெரிஞ்சிடும். அதுக்காக எல்லாத்துக்கும் ஆமாம் போடாதீங்க, மெஷினோட பாதுகாப்பு மூடிய கழட்டிட்டு ஓட்டலாம்னு ஒருத்தன் சொன்னா முடியாதுன்னு சொல்றதுதான் உங்க வேலை.

எச்.ஆர். காசு பத்தி கேட்டீங்க, பீச்ல ஒரே ஒரு நாள் விளையாடிட்டு விட்டா வீண்தான். ஷிப்ட் ஆரம்பத்துல அஞ்சு நிமிஷம் போதும், வேணாம்னு நிக்கறவர இழுக்காதீங்க.

கேள்வி: செந்தூல்லேர்ந்து எழுதுறேன். ஃபார்ம் 4 படிக்கிற மகள் எத கேட்டாலும் "ஒன்னுமில்ல மா"தான். இதுக்கும் இம்ப்ரோ வழி இருக்கா அக்கா?

பதில்: இருக்கு மா. மேடைல கூட நிக்கறவர கேள்வி மேல கேள்வி கேட்டா கதைய நகர்த்துற பாரம் முழுசா அவர் தலைல விழும், அதனால கேக்காம நீங்களா ஒன்ன எடுத்து போடணும்னு சொல்லிக்கொடுப்பாங்க. "ஸ்கூல் எப்படி?"ன்னு கேக்காம "இன்னிக்கு எல்.ஆர்.டி.ல ஒரு அங்கிள் பையில டுரியான் வச்சிருந்தாரு, வாசம் கோச் முழுக்க"ன்னு சொல்லிட்டு நிறுத்துங்க. அவ ஒன்னும் சொல்லலன்னாலும் அடுத்த கேள்விய போடாதீங்க, சோத்த போட்டு சாப்பிடுங்க, நாளைக்கு வேற ஒன்னு சொல்லலாம்.