கண்டக்டர் விசில் ரயிலில் கிடையாது

கேள்வி: தண்ணீர் பிடிக்க இறங்கியவரை விட்டுவிட்டு ரயில் கிளம்பிவிடுகிறது. மனைவி, பிள்ளைகள் உள்ளே தவிக்கிறார்கள். எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கலாமா? இதற்கு ரயில்வேதானே பொறுப்பு?
– கும்பகோணம் வாசகர்

பதில்: எடுக்கலாம், எடுத்தாக வேண்டும். "ஆள் வரணும், நிறுத்துங்க" என்று மயிலாடுதுறை பஸ்ஸில் குரல் கொடுத்தால் கண்டக்டர் நிறுத்துவார். ரயிலில் அந்தப் பழக்கம் செல்லாது. 22 பெட்டி வண்டியின் நீளம் அரை கிலோமீட்டருக்கு மேல். முன்னால் டிரைவர், கடைசியில் கார்டு. சிக்னல் விழுந்து, கார்டு பச்சைக்கொடி காட்டினால் வண்டி நகரும். டீசல் இன்ஜின் போலச் சத்தம் போட்டு எச்சரிக்காமல் மின்சார இன்ஜின் நழுவிப் போகும். அது கொடுக்கும் ஹார்ன் கடைசிப் பெட்டிக்குச் சரியாகக் கேட்பதுகூட இல்லை.

நம் பகுதியில் ஆள் தவறுவது பெரும்பாலும் கிராஸிங்கில்தான், அதாவது எதிர் வண்டிக்கு வழிவிட நம் வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது. தஞ்சாவூருக்கும் விழுப்புரத்துக்கும் இடையே கும்பகோணம் வழியாகப் போவது ஒற்றைத் தடம். எதிர் வண்டிக்காக ஆடுதுறையிலோ குத்தாலத்திலோ வண்டி கால் மணி நேரம் நிற்கும். "இப்போதைக்கு எடுக்க மாட்டான்" என்று இறங்கிப் போகிறோம். எதிர் வண்டி உள்ளே வந்துவிட்டால் தடம் காலி. அடுத்த சில நிமிடங்களில் நமக்கு சிக்னல். ஆக, எதிர் வண்டியின் வெளிச்சம் தெரிந்தாலே நாம் படிக்கட்டில் இருக்க வேண்டும். கடை ஒன்றாம் நடைமேடையிலும் நம் வண்டி அடுத்த தடத்திலும் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. எதிர் வண்டி நடுவில் வந்து மறைத்துக்கொள்ளும். நம் வண்டி நகர்வதுகூடக் கண்ணில் படாது.

இன்னொன்று: தாமதமாக ஓடும் வண்டி, நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளும். திருச்சியில் பத்து நிமிடம் என்று அட்டவணையில் இருக்கலாம். புறப்பாட்டு நேரம் தாண்டி வந்த வண்டி அத்தனை நிமிடமும் நிற்கும் என்று எண்ணாதீர்கள்.

வண்டி நகர்ந்துவிட்டதா? ஓடாதீர்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 4 மீட்டருக்கு மேல். கையில் பாட்டிலோடு கம்பியைப் பிடிக்கத் தாவுகிறவர், நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள சந்தில்தான் விழுகிறார்.

நேராக ஸ்டேஷன் மாஸ்டரிடம் போங்கள், 139க்கும் அழையுங்கள். வண்டி எண், பி.என்.ஆர்., பெட்டி, படுக்கை எண், பையின் நிறம் இவ்வளவும் சொல்ல வேண்டும். அடுத்த நிறுத்தத்தில் ரயில்வே பாதுகாப்புப் படையினர் பையை இறக்கி வைப்பார்கள். அடையாள அட்டை காட்டி வாங்கலாம். உள்ளே பிள்ளைகள் மட்டும் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். பெரியவர் உடன் இருந்தால், பதறி அடுத்த சிறு ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கிவிட வேண்டாம். டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லிவிட்டு, தஞ்சாவூர் போன்ற பெரிய ஜங்ஷனில் காத்திருக்கட்டும். காரில் துரத்துவதும் வீண். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் ரயிலுக்கு அரை மணி. சாலையில் ஊர் ஊராக நெரிசல்.

சங்கிலி? குழந்தையோ, தனியே சமாளிக்க முடியாத முதியவரோ நடைமேடையில் நின்றுவிட்டால் தயங்காமல் இழுங்கள். டீ குடிக்க இறங்கிய திடகாத்திரமான ஆளுக்காக இழுக்காதீர்கள். தக்க காரணமில்லாமல் இழுத்தால் ரயில்வே சட்டம் 141ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சங்கிலியை இழுத்தால் பிரேக் குழாயின் காற்று வெளியேறி வண்டி நிற்கும். எந்தப் பெட்டி என்று தேடி, அங்கே வால்வை மூடி, மறுபடி காற்று ஏற்றிய பிறகே கிளம்ப முடியும். ஒற்றைத் தடத்தில் எதிர் வண்டியும் சேர்ந்து காத்துக் கிடக்கும்.

முன்பதிவு டிக்கெட் அந்த வண்டிக்கு மட்டுமே; தவறவிட்டால் பணம் திரும்பாது. அடுத்த வண்டிக்குப் புதிதாக முன்பதிவில்லா டிக்கெட் எடுங்கள்.

ரயில்வேயிடம் நான் கேட்பது ஒன்று உண்டு. கிராஸிங்குக்கு வண்டி நிற்பதையும், எதிர் வண்டி நெருங்குவதையும் ஸ்டேஷன் மாஸ்டர் அறிவார். அதை ஒலிபெருக்கியில் தமிழில் இரண்டு முறை சொன்னால் என்ன குறைந்துவிடும்? வாசகர் கோபப்பட வேண்டிய இடம் இதுதான்.

அதுவரை, இறங்கும்போது சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள். பலருடைய செல்போன் படுக்கையோரம் சார்ஜரில் தொங்கும், பர்ஸ் தலையணைக்கு அடியில் இருக்கும், ஆள் மட்டும் பனியனோடு குழாயடியில் நிற்பார்.