நெற்றிப்பட்டத்தை விற்றுப் போட்ட தண்டவாளம்

கேள்வி: எர்ணாகுளம் போகும்போது ரயிலில் பக்கத்தில் இருந்தவர், “இந்தப் பாதையே கோயில் யானைகளின் தங்கத்தை விற்றுப் போட்டதுதான்” என்றார். நம்பலாமா?
- ஒரு வாசகர், கோவை

நம்பலாம். ஷொரனூரிலிருந்து எர்ணாகுளம் வரை நீங்கள் போன பாதைதான் கொச்சி சமஸ்தானத்தின் ரயில். அதைப் போட்டவர் மகாராஜா ராமவர்மா, 1895-இல் பட்டத்துக்கு வந்தவர், சமஸ்கிருதப் பண்டிதர். மதராஸ் ரயில்வே 1860களிலேயே பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலபார் கடற்கரை வரை தண்டவாளம் போட்டுவிட்டது, ஆனால் அது கொச்சிக்குள் வராமல் வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. அதனால் கொச்சி ராஜ்ஜியத்தின் சரக்கெல்லாம் வள்ளத்திலும் மாட்டுவண்டியிலும்தான் கிடந்து அல்லாடியது. நாமே போட்டுவிடலாம் என்று மகாராஜா இறங்கியபோது கஜானாவில் அவ்வளவு பணம் இல்லை. திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலில் யானைகளுக்குக் கட்டும் தங்க நெற்றிப்பட்டங்கள், அதாவது நாம் முகபடாம் என்போமே அது, 15 இருந்தன. அவற்றில் 14-ஐயும் இன்னும் சில நகைகளையும் விற்றார்கள். திருவிழாவில் வரிசையாக 15 யானை நிற்பதைப் பார்த்துப் பழகிய ஊரில், அதுவும் சாமி சொத்தில் கை வைக்க, ஒரு ராஜாவுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1902 ஜூன் 2 அன்று சரக்கு ரயில் ஓடியது, ஜூலை 16 அன்று பயணிகள் ரயில்.

கேள்வி: அப்படியானால் ரயிலும் ராஜாவுடையதுதானே?
- அதே வாசகர்

இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. முதலீடு போட்டது ராஜா, ஆனால் ரயிலை ஓட்டியது மதராஸ் ரயில்வே கம்பெனி, 1908-க்கு அப்புறம் தென்னிந்திய ரயில்வே. இன்னொரு விஷயமும் உண்டு. சமஸ்தான ரயில் பிரிட்டிஷ் பாதையோடு சேர வேண்டும் என்றால், தண்டவாளம் போகும் நிலத்தின் மேலுள்ள நீதி, போலீஸ் அதிகாரத்தை ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அன்றைக்கு இந்தியா முழுக்க இருந்த வழக்கம். ஸ்டேஷனில் ஒருவன் திருடினால் அவனைப் பிடித்து விசாரிப்பது ராஜாவின் ஆட்கள் இல்லை. தன் நாட்டுக்குள்ளேயே, தன் பணத்தில் போட்ட பாதையில்! எனக்கு நெற்றிப்பட்டம் போனதைவிட இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

தொல்லை இதோடும் நிற்கவில்லை. கொச்சி போட்டது மீட்டர் கேஜ் என்னும் குறுகிய பாதை, ஷொரனூரில் காத்திருந்த மதராஸ் ரயில்வே பாதையோ பிராட் கேஜ் என்னும் அகலப்பாதை. வந்த மூட்டையை எல்லாம் அங்கே இறக்கி அடுத்த வண்டியில் ஏற்ற வேண்டும். 1930களில் அகலப்பாதை ஆக்கிய பிறகுதான் அது தீர்ந்தது.

மகாராஜா 1914-இல் தானாகவே பட்டத்தைத் துறந்தார், 1932-இல் காலமானார். மலையாளத்தில் அவரை இன்றும் ‘ஒழிஞ்ஞ வலிய தம்புரான்’ என்பார்கள், பட்டத்தை விட்டு ஒழிந்த பெரிய தம்புரான் என்று. ஷொரனூர் தாண்டி பாரதப்புழையைக் கடக்கும்போது கொஞ்சம் எட்டிப் பாருங்கள், அவர் காலத்துப் பழைய பாலம் தெரியும். அகலப்பாதைக்குப் புதுப் பாலம் வந்த பிறகு வண்டிகள் போகும் சாலைப் பாலமாக இருந்து, 2011-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்துவிட்டது. எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய ஸ்டேஷனும் அதே கதிதான். 1925-இல் வைக்கம் சத்தியாகிரகத்துக்காக வந்த காந்தி இறங்கிய இடம் அது. புதர் மண்டி, கூரை சரிந்து அது கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கேள்வி: பரம்பிக்குளம் காட்டுக்குள் ரயில் ஓடியதாக எங்கள் தாத்தா சொல்வார். அவர் சொன்னது இந்த ரயிலா?
- ஒரு வாசகி, பொள்ளாச்சி

இது வேறு, ஆனால் அதே கொச்சி சமஸ்தானத்துடையது, உங்கள் தாத்தா சொன்னது சரி. சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் காட்டு டிராம்வே. 1907-இல் ஓடத் தொடங்கியது. தேக்கும் ஈட்டியும் இறக்கத்தான் போட்டார்கள். சாலக்குடியில் பெரிய பாதையோடு சேர்த்துவிட்டால் மரம் நேராக எர்ணாகுளம், அங்கிருந்து கப்பல். எஞ்சின்கள் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்ட் கொப்பல் கம்பெனியில் செய்தவை. ஆனால் செங்குத்தான சரிவில் எஞ்சின் ஏறாது, அதற்கு அவர்கள் செய்த வேலை இருக்கிறதே, நான் சொல்லிச் சொல்லி மாளாத விஷயம்: மரம் ஏற்றிய வேகனையும் காலி வேகனையும் ஒரே இரும்பு வடத்தின் இரண்டு முனையில் கட்டிவிடுவார்கள். கனமான வண்டி கீழே இறங்கும்போது அந்த இழுப்பிலேயே காலி வண்டி மேலே ஏறிவிடும், நம் கிணற்றுச் சகடையில் இரண்டு வாளி கட்டி இறைப்பது மாதிரி. மலையின் சரிவே அங்கே எஞ்சின்.

1963-இல் மூடிவிட்டார்கள். இன்று பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் வண்டியில் போக உங்கள் பொள்ளாச்சி வழியாகத்தான் போயாக வேண்டும். சாலக்குடிப் பக்கமிருந்து நேராக மலையேறிய அந்தத் தண்டவாளத்தின் தடத்தைக் காடு மூடிவிட்டது. தாத்தா அதைக் கண்ணால் பார்த்தவர் என்றால், என்ன பார்த்தார் என்பதைத் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.