பவளக் கால்சியம் வழக்கு: கேட்டவற்றுக்குப் பதில்

கேள்வி: பவளக் கால்சியம் விற்றதற்காக அமெரிக்காவில் பெரிய வழக்கு நடந்ததாமே, என்ன விஷயம் சார்?

பதில்: 2003 ஜூனில் ஃபெடரல் டிரேட் கமிஷன் (எஃப்.டி.சி.), அதாவது பொய் விளம்பரங்களைத் தடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பு, போட்ட வழக்கு அது. டிவி விளம்பர வியாபாரி கெவின் ட்ரூடோ, பவளக் கால்சியத்தைப் பரப்பிய ராபர்ட் பேர்ஃபுட் இருவரும் டிவியில் பேட்டி போலவே தெரியும் ஒரு நீள விளம்பரத்தில் வந்தார்கள். ஒருவர் கேட்க, மற்றவர் விளக்குவார். ஜப்பானின் ஒகினாவா பவளத்திலிருந்து எடுத்த கால்சியம் புற்றுநோய், இதய நோய், லூபஸ், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் எல்லாவற்றையும் குணமாக்கும் என்றார்கள். ஒரு நாள் டோஸில் இரண்டு காலன் பாலில், அதாவது ஏழரை லிட்டருக்கு மேல் பாலில், உள்ள அளவு கால்சியம் உடம்பில் சேருமாம்.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு இடத்தில். பெயர்பெற்ற மருத்துவ இதழ்களில் வந்த ஆய்வுகளே கால்சியத்தால் புற்றுநோய் தீரும் என்று நிரூபித்திருப்பதாகவும் சொன்னார்கள். அப்படி எந்த ஆய்வும் இல்லை. கீமோவுக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இதைக் கேட்டால் என்ன முடிவெடுப்பார்? பாட்டிலுக்குக் கொடுத்த காசு போனால் போகட்டும், போன மாதங்கள் திரும்பாது.

கேள்வி: அந்தப் பவளப் பொடியில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கால்சியம் மாத்திரையில் இருப்பதும் அதுதான்.

கேள்வி: அப்படியானால் "கால்சியம் எலும்புக்கு நல்லது" என்று எழுதினாலும் வழக்கா?

பதில்: இல்லை. 1994-ல் வந்த சட்டப்படி சப்ளிமெண்டுகளை (சத்து மாத்திரை, பொடி போன்றவற்றை) விற்க அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.-வின் முன் அனுமதி வேண்டாம். எலும்பை வலுவாக்கும் என்று எழுதலாம். ஆனால் நோயைக் குணமாக்கும் என்று சொன்ன நிமிடமே அது மருந்துக்கான வாக்குறுதி ஆகிவிடும். விளம்பரத்தில் எதைச் சொன்னாலும் நம்பத் தகுந்த அறிவியல் ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்பது எஃப்.டி.சி. விதி. "இது எந்த நோயையும் குணப்படுத்த அல்ல" என்று லேபிளில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு டிவியில் நேர்மாறாகப் பேசினால் தப்ப முடியாது.

கேள்வி: தண்டனை கிடைத்ததா?

பதில்: கிடைத்தது, ஆனால் பல வருடம் இழுத்தது. வழக்கு நடக்கும்போதே, நோய் தீரும் என்று சொல்லக்கூடாது என்ற கோர்ட்டின் இடைக்கால உத்தரவை மீறி, ட்ரூடோ அப்படியே சொல்லி விற்றார். 2004-ல் கோர்ட் அதை அவமதிப்பு என்றது. அதே வருடம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார். பொருள்களை டிவி விளம்பரத்தில் விற்கத் தடை வந்தது. பேச்சுரிமை காரணமாகப் புத்தகங்களுக்கு மட்டும் விலக்கு, அதுவும் உள்ளே இருப்பதைத் திரித்துச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. எடைக் குறைப்புப் புத்தகம் ஒன்றை விற்றபோது அந்த நிபந்தனையையும் மீறினார். 3.76 கோடி டாலர் கட்ட உத்தரவானது. 2014-ல் பத்து வருடச் சிறை. சிறைக்கு அனுப்பியது பவளம் அல்ல, கோர்ட் உத்தரவை மீறியது.

இதே பவளக் கால்சியத்தையும் வேறொரு சப்ளிமெண்டையும் விற்ற மாசசூசெட்ஸ் கம்பெனி ஒன்றின் மேல்முறையீடு 2010-ல் தள்ளுபடியானது. அது கட்ட வேண்டிய தொகை சுமார் 4.8 கோடி டாலர்.

கேள்வி: இன்றும் எஃப்.டி.சி. இப்படி வழக்குப் போட்டு, ஏமாந்தவர்களுக்காகப் பணத்தைத் திருப்பி வாங்க முடியுமா?

பதில்: முன்புபோல் சுலபமில்லை. எஃப்.டி.சி. வழக்கமாகப் பயன்படுத்திய சட்டப்பிரிவு 13(பி) தடை வாங்க மட்டுமே உதவும், பணம் வசூலிக்க அல்ல என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வேறு பிரிவுகள் உண்டு, சுற்றுவழி. வாங்கி ஏமாந்தவர்களுக்கு இது பெரிய இழப்பு என்பது என் கருத்து.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் மாமியார் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து இப்படியொரு கால்சியம் பாட்டிலும் சாப்பிடுகிறார். என்ன செய்ய?

பதில்: முதலில் இரண்டையும் பிரித்துக் கொடுங்கள். கால்சியம் தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாது, நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு உணவு, மாத்திரை எல்லாம் சேர்த்து நாளுக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. பாட்டிலை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். நோய் தீரும் என்று விளம்பரம் வந்திருந்தால் ஸ்க்ரீன்ஷாட், ரசீது இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு எஃப்.டி.சி. தளத்தில் புகார் கொடுங்கள்.