மேக்ரமே சால்வை: எந்த நூல், எவ்வளவு நூல்?

கேள்வி: சுவரில் மாட்டும் அலங்காரமும் செடித்தொட்டிக்கு உறியும் மேக்ரமேயில், அதாவது கயிற்றில் முடிச்சுப் போட்டே பின்னும் கைவேலையில், செய்து பழகிவிட்டேன். அம்மாவுக்கு ஒரு சால்வை செய்யலாம் என்று கையிலிருந்த 3 மில்லிமீட்டர் பருத்திக் கயிற்றில் தொடங்கினேன். ஒரு சாண் நீளம் வருவதற்குள் மிதியடி மாதிரி விறைத்துவிட்டது. பல கயிறுகள் நீளமும் போதவில்லை. சால்வைக்கு என்ன நூல் வாங்குவது, எவ்வளவு வெட்டுவது, எப்படித் தொடங்குவது?

பதில்: முதலில், இதுவரை செய்ததைப் பிரித்து அந்தக் கயிற்றை ஒரு பைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 3 மில்லிமீட்டர் கயிற்றில் எவ்வளவு தளர்வாகப் போட்டாலும் தோளில் படிந்து விழும் சால்வை வராது. உறிக்கு முடிச்சு உறுதியாக இருக்க வேண்டும். சால்வைக்கு முடிச்சுகளுக்கு நடுவே நூல் சும்மா ஓடுகிற இடம்தான் உயிர். துணி மடிவதும் தொங்குவதும் அந்த இடைவெளியில்தான்.

மேக்ரமே என்ற சொல்லே துருக்கி மொழியில் கைத்துண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு மூலம் அரபு. நெய்த துண்டின் ஓரத்தில் தொங்கும் நூல்களை முடிச்சிட்டு அழகாக்கிய வேலைதான் பிறகு தனிக் கலையாக வளர்ந்தது. ஆகவே மெல்லிய நூலில் முடிச்சுப் போடுவது இந்தக் கலைக்குப் பழகிய வேலைதான்.

நூலின் கனம் 1 முதல் 1.5 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். என் முதல் தேர்வு மெர்சரைஸ் செய்த பருத்தி நூல், அதாவது குரோஷேவுக்கு விற்கும் பளபளப்பான நூல். வழவழப்பாக இருப்பதால் முடிச்சு தெளிவாகத் தெரியும், பிசிறும் குறைவு. குளிருக்கென்றால் கம்பளி கலந்த பருத்தி நல்லது. தனிக் கம்பளி இழுத்தால் நீளும், அதனால் எல்லா முடிச்சையும் ஒரே இறுக்கத்தில் போடக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பட்டும் விஸ்கோஸும் வழுக்கி முடிச்சு நெகிழும், முதல் சால்வைக்கு வேண்டாம். முறுக்கில்லாத ஒற்றைப் பிரிக் கயிறு சுவர் அலங்காரத்தில் சீவிவிட அழகாக இருக்கும். ஆனால் உடம்பில் உரசி, துவைத்து, திரும்ப உடுத்தும் பொருளுக்கு அது ஆகாது, பஞ்சாகப் பறக்கும்.

அடுத்து வடிவம். செவ்வகமாகச் செய்தால், 160 சென்டிமீட்டர் நீளச் சால்வையைக் குறுகிய பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு நூலும் மடிப்பதற்கு முன் 10 மீட்டர் வரை வரும். அவ்வளவு நீள நூல்கள் வரிசையாகத் தொங்கினால் முடிச்சுப் போடும் நேரத்தைவிடச் சிக்கெடுக்கும் நேரம்தான் அதிகம். முக்கோணச் சால்வையில் அந்தத் தொல்லை பாதிதான். தோளைச் சுற்றி வரும் நீண்ட பக்கத்தில் தொடங்கி, வரிசைக்கு ஒரு முடிச்சு குறைத்துக்கொண்டே முதுகில் விழும் முனைக்கு வந்து முடிக்கலாம். அதையே செய்யுங்கள்.

இப்போது கணக்கு. மேல்விளிம்பு 150 சென்டிமீட்டர், 2 சென்டிமீட்டருக்கு ஒரு சதுர முடிச்சு என்றால் முதல் வரிசையில் 75 முடிச்சு. ஒரு முடிச்சுக்கு நான்கு இழை வேண்டும்: நடுவில் இரண்டு சும்மா நிற்க, வெளியிழை இரண்டும் அவற்றைச் சுற்றி இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை முடியும். ஒரு நூலை மடித்தால் இரண்டு இழை. ஆக மொத்தம் 150 நூல். செங்கல் அடுக்குவது போல, இரண்டாம் வரிசை முடிச்சு முதல் வரிசையின் இரண்டு முடிச்சுகளுக்கு நடுவில் வரும். இரு பக்கமும் இரண்டிரண்டு இழையை விட்டுவிட்டால் 74 முடிச்சு, அடுத்து 73, இப்படியே 75ஆம் வரிசையில் ஒன்று. வரிசைக்கு வரிசை 1 சென்டிமீட்டர் வைத்தால் நடு ஆழம் 75 சென்டிமீட்டர். மொத்தம் 2850 முடிச்சு! பயந்துவிடாதீர்கள். ஒன்றுக்கு அரை நிமிடம் என்றாலும் 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நாளைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் அம்மா தோளில் இருக்கும்.

நீளம் போதாமல் போனது எல்லோருக்கும் நடக்கிற தவறு. இந்த வகை வலைப்பின்னலில் ஒரு வரிசையில் நடுவில் சும்மா நிற்கும் இழை அடுத்த வரிசையில் சுற்றும் இழையாக மாறிவிடும். அதனால் எல்லா இழையும் ஏறக்குறைய சமமாகச் செலவாகும். அந்த இழை போக வேண்டிய ஆழத்தைப் போல மூன்று மடங்கு, அதனுடன் குஞ்சத்துக்கும் ஓரக்கட்டுக்கும் 20 சென்டிமீட்டர் என்று வைத்தால் நிச்சயம் போதும். நடுவில் இருக்கும் இழைக்கு 245 சென்டிமீட்டர், மடிக்கும் முன் 4.9 மீட்டர். ஆனால் ஓரத்து நூல்கள் சில வரிசையிலேயே நின்றுவிடும், அவற்றுக்கு இவ்வளவு தேவையில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும் 75 நூலைப் பதினைந்து பதினைந்தாகப் பிரித்து, ஓரத்திலிருந்து நடு நோக்கி 1.3, 2.2, 3.1, 4, 4.9 மீட்டர் என்று வெட்டுங்கள். இரு பக்கமும் சேர்த்து 465 மீட்டர் ஆகும். எல்லாவற்றையும் ஒரே நீளமாக வெட்டியிருந்தால் 735 மீட்டர் போயிருக்கும். மேல்விளிம்புக்கும் மாதிரிக்கும் சேர்த்து 500 மீட்டராக வாங்குங்கள். வாங்கும் முன், நூலில் 10 மீட்டரை எடை போட்டு 50ஆல் பெருக்கிப் பாருங்கள், சால்வையின் எடை தோராயமாகத் தெரிந்துவிடும். தோளில் கனக்கும் என்று தோன்றினால் இன்னும் மெல்லிய நூலுக்குப் போங்கள்.

மாதிரியைத் தவிர்க்காதீர்கள். ஒரு சாண் சதுரத்துக்குப் போட்டு, துவைத்து, காய்ந்ததும் கிளிப் மாட்டி ஓர் இரவு தொங்கவிட்டு அளந்து பாருங்கள். எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

தொடங்கும்போது அதே நூலை இரட்டையாக, இரு பக்கமும் 30 சென்டிமீட்டர் மிச்சம் விட்டு, நெஞ்சு உயரத்தில் கிடையாகக் கட்டுங்கள். மடித்த நூல்களை லார்க்ஸ் ஹெட் முடிச்சில் (மடிப்பு வளையத்தை அந்த விளிம்பு நூலின் பின்னால் விட்டு, இரு நுனியையும் வளையத்துக்குள் இழுப்பது) அதில் கோர்த்து, அதன் இரு பக்கத்திலும் அதே இழையை இன்னொரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். இந்தக் கூடுதல் சுற்று இல்லாவிட்டால் நூல்கள் விளிம்பில் வழுக்கி ஒரு பக்கமாகக் குவியும். வரிசை இடைவெளியைக் கண்ணால் அளக்க வேண்டாம். 1 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கெட்டி அட்டைத் துண்டு வெட்டி, ஒரு முடிச்சின் உச்சியிலிருந்து அடுத்த முடிச்சின் உச்சி அந்த அளவில் வருகிறதா என்று அவ்வப்போது வைத்துப் பாருங்கள். கை, மாலையில் ஒரு மாதிரியும் காலையில் ஒரு மாதிரியும் இறுக்கும், அட்டை மாறாது. சதுர முடிச்சில் இடது, வலது என்று இரண்டு பாதி உண்டு அல்லவா, பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். திரும்பி வந்து அதே பாதியை மறுபடி போட்டால் அந்த இடம் முறுக்கிக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நூல் குறைந்துவிட்டால்? அது நடுவில் சும்மா நிற்கும் வரிசைக்காகக் காத்திருங்கள். அங்கே புது நூலைப் பழையதோடு சேர்த்து வைத்து, இரண்டையும் மூடி முடிச்சுப் போடுங்கள். நுனிகளைப் பின்பக்கம் ஊசியால் செருகிவிட்டால் வெளியே தெரியாது.

ஓரக்கட்டுதான் பலர் விட்டுவிடும் இடம். சரிவான இரு பக்கத்திலும் கடைசி முடிச்சுகள் அப்படியே நின்றால் சில முறை துவைத்ததும் நெகிழும். அதனால் இரு கோடியிலும் இருக்கும் முதல் நூலை மட்டும் 1.9 மீட்டராக வெட்டி, வெளி இழை 1.4 மீட்டரும் உள் இழை அரை மீட்டரும் வரும்படி சமமில்லாமல் மடியுங்கள். வலை முடிந்ததும் அந்த நீண்ட இழையைச் சரிவோரமாக முனைவரை கிடத்தி, வழியில் வரும் ஒவ்வோர் இழையையும் அதன்மேல் இருமுறை சுற்றி இறுக்குங்கள். டபுள் ஹாஃப் ஹிட்ச் என்பது இதுதான். சரிவின் நீளம் 106 சென்டிமீட்டர் வரும். கிடத்திய இழையை விறைப்பாக இழுத்தால் சால்வை கிண்ணம் போலக் குவிந்துவிடும், சும்மா படுத்திருக்கட்டும். இரு பக்கத்து இழைகளும் முனையில் சந்திக்கும்போது ஒன்றோடொன்று முடிந்துவிடுங்கள்.

குஞ்சத்தை உடனே கத்தரிக்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு போட்டு அலசி, துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, சமதரையில் விரித்து முக்கோணமாக இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். ஈரத்தோடு கொடியில் போட்டால் தன் எடையிலேயே இறங்கிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு 10 அல்லது 12 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அதைவிட நீளமானால் நாற்காலியிலும் பையின் ஜிப்பிலும் மாட்டிக்கொள்ளும். நுனிகளுக்குச் சின்ன முடிச்சு போதும். சுவர் அலங்காரத்துக்கு வைப்பது போலப் பசை வைத்தால் காய்ந்து கழுத்தில் குத்தும்.