அமெரிக்காவில் ‘பப்ளிக் டிஃபெண்டர்’ பணி எப்படிப்பட்டது?

வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியற்றவருக்காக அரசுச் சம்பளத்தில் வாதாடுபவரே பப்ளிக் டிஃபெண்டர். இதற்கான முதல் அலுவலகம் 1914இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது என்றாலும், நாடு முழுவதும் இப்பணிக்கு வலுச் சேர்த்தது கிடியன் வழக்குதான்.

1961இல் ஃப்ளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் புகுந்து திருடியதாகக் கைதான கிளாரன்ஸ் கிடியன் தமக்கொரு வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டபோது, மரண தண்டனைக்குரிய வழக்குகளுக்கே அந்த வசதி உண்டு என்று நீதிபதி மறுத்துவிட்டார். தாமே வாதாடித் தோற்று ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற அவர், சிறையிலிருந்து பென்சிலால் எழுதியனுப்பிய மனுவை ஏற்ற உச்ச நீதிமன்றம், வழக்கறிஞரின் உதவி அவரது அடிப்படை உரிமை என்று 1963இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மறுவிசாரணையில், அரசுத் தரப்பின் முக்கிய சாட்சியை வழக்கறிஞர் துருவித் துருவிக் குறுக்கு விசாரணை செய்ய, கிடியன் விடுதலையானார். அதே குற்றச்சாட்டில் இரு வேறு முடிவுகள் வந்ததே இப்பணியின் தேவைக்குப் போதிய சான்று என்பேன்.

அன்றாடப் பணியோ மிகக் கடினமானது. ஒருவர் ஆண்டுக்கு 150 கடுங்குற்ற வழக்குகளுக்கு மேல் ஏற்கக் கூடாது என்று 1973இல் தேசிய ஆணையம் ஒன்று வகுத்த வரம்பே அதிகம். பல இடங்களில் அதையும் மீறுகிறார்கள். கட்சிக்காரரை நீதிமன்ற வளாகத்தில் முதன்முதலாகச் சந்தித்துச் சில நிமிடங்களே பேசிவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை பெறலாமா என்று ஆலோசனை சொல்ல வேண்டிய நிலையும் வரும். ஆயினும், முன்பு இப்பணியிலிருந்த கேட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் 2022இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அந்த நீதிமன்றத்திற்கு இப்பின்னணியிலிருந்து வந்த முதல் நீதிபதி அவரே.