ஒண்ணுமே நடக்காத இந்த மாதிரி அனிமே (ஜப்பான் கார்ட்டூன்) பாத்து ஏன் அழறாங்க, போர் அடிக்காதா?

எனக்கும் மொதல்ல போர்தான் அடிச்சிது. 'நொன் நொன் பியோரி' (Non Non Biyori) 2013ல வந்த சீரிஸ், மொத எபிசோட்ல வயலு, வாய்க்கா, ரோட்ல நடந்து போற புள்ளைங்க, இன்னாடா இது கதையே ஆரம்பிக்கலையேன்னு போன ஓரமா வெச்சிட்டேன். இந்த வகைக்கு ஜப்பான்ல இயாஷிகேய்னு பேரு, மனச ஆத்துறதுன்னு சொல்லலாம்.

அப்புறம் ஒரு மே மாசம், ராணிப்பேட்டைல ஷூ கம்பெனி ஷிப்ட் முடிச்சி வந்தா தூக்கமே வராது, வேலூர் வெயில் தெரியும்ல, ராத்திரி பதினோரு மணிக்கும் மொட்டமாடி செவுரு சுடும், பாய போட்டுட்டு திரும்ப அதையே ஆரம்பிச்சேன். அந்த ஸ்கூல்ல மொத்தமே அஞ்சு பசங்க, எல்லா கிளாசும் ஒரே ரூம்ல. குடியாத்தம் பக்கம் நான் படிச்ச பள்ளிக்கூடமும் ஒரே வாத்தியார், ஒரே ரூம்தான், அதனாலயோ இன்னாவோ இந்த தடவ நிறுத்தல.

நாலாவது எபிசோட்ல ரென்கேன்னு ஒண்ணாவது படிக்கிற பொண்ணு, லீவுக்கு பாட்டி வீட்டுக்கு வந்த ஹொனோகா கூட சேந்து சுத்தும். ஒரு நாள் கூப்புட போனா, அவ அப்பாவுக்கு வேல வந்து ஊருக்கு கெளம்பிட்டாங்கன்னு பாட்டி சொல்றாங்க. ரென்கே ஒரு வார்த்த பேசல, கேமரா அந்த மூஞ்சியிலயே நிக்குது, அப்டியே நின்னு நின்னு கடைசில கண்ணுல தண்ணி கட்டுது பாருங்க. வேற சீரிஸா இருந்தா ரெண்டு செகண்ட்ல வெட்டிட்டு போயிருப்பாங்க. அவ்ளோ நேரம் நிக்கிறதாலதான் நம்ம வீட்டு ஞாபகம் உள்ள வருது, அழறவங்க அதுக்குதான் அழறாங்கன்னு நான் நம்புறேன். தயவுசெஞ்சி 1.5 ஸ்பீடுல பாக்காதீங்க. கொஞ்சம் கதை வேணும்னா 2014ல வந்த 'பராகமோன்'ல ஆரம்பிங்க, கைகலப்பு பண்ணிட்டு கோட்டோ தீவுக்கு அனுப்பப்பட்ட எழுத்துக்கலைக்காரன் (பிரஷ்ல எழுத்த ஓவியம் மாதிரி எழுதுறவன்) கதை, சிரிப்பும் வரும்.

அந்த நாலாவது எபிசோட் பாத்த அன்னிக்கி பக்கத்துல படுத்திருந்த எங்க ஆயாவும் எட்டி பாத்துனு இருந்துச்சி. அதுக்கு எழுதப் படிக்க தெரியாது, சப்டைட்டில் எல்லாம் ஒண்ணும் புரியாது. "ஏன்டா, லீவுக்கு வந்த கூட்டாளி ஊருக்கு போயிடுச்சா?"ன்னு கேட்டுச்சி. எங்க அக்கா பொண்ண காட்பாடில ரயில் ஏத்தி விட்டு ரெண்டு நாள்தான் ஆவுது. "ஆமா ஆயா, ஆனா லெட்டர் வரும்"னேன். ஹொனோகா கிட்டேந்து ரென்கேக்கு லெட்டர் வர்ற சீன் வரைக்கும் ஆயா தூங்கவே இல்ல.